வாசகர் கேள்வி – பதில்: ஜார்ஜியாவில் எல்லோரும் வசதியானவர்களா?

கேள்வி: என் தம்பி மகன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கேயுள்ள ஃபோர்சைத் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கணினி வேலை பார்க்கிறான். ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதிப்பது அங்கே சாதாரணம் என்கிறான். மாநிலம் முழுவதுமே அப்படித்தானா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவர் சொல்வது அவருடைய கவுண்டிக்குப் பொருந்தும், மாநிலத்துக்குப் பொருந்தாது. ஃபோர்சைத்தில் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 1,20,000 டாலரைத் தாண்டுகிறது. மாநிலம் முழுவதற்கும் அது 2022 வாக்கில் ஏறத்தாழ 71,000 டாலர்தான். இடைநிலை வருமானம் என்பது சராசரி அன்று. முக்கூடல் பக்கம் ஒரு தெருவில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பீடி சுற்றியும் கூலி வேலை பார்த்தும் நான்கு வீடுகள் மாதம் 8, 10, 12, 15 ஆயிரம் ரூபாய் ஈட்ட, ஐந்தாவது வீட்டு லாரி முதலாளிக்கு 2 லட்சம் வருகிறது. சராசரி பார்த்தால் வீட்டுக்கு 49,000 ரூபாய். ஆனால் அந்தப் பணத்தை நான்கு வீட்டார் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வரிசையில் நடுவே நிற்கும் வீட்டின் 12,000 தான் இடைநிலை. தெருவின் நிலைமையை அதுதான் சொல்லும்.

மாநிலத்தில் 159 கவுண்டிகள் உள்ளன. தென்மேற்கே, அலபாமா எல்லையிலுள்ள கிளே கவுண்டியில் மூவாயிரம் பேர்கூட இல்லை. வருமானமும் மாநில அளவுக்கு வெகு கீழே. இது ‘கருப்புப் பட்டை’ எனப்படும் பழைய பருத்தி நிலத்தைச் சேர்ந்தது. அப்பெயர் முதலில் மண்ணின் நிறத்தால் வந்தது என்பது சங்கரன்கோவில் கரிசலில் பருத்தி பார்த்த நமக்கு எளிதில் விளங்கும். அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். 1865 இல் விடுதலை கிடைத்தபோதும் நிலம் கிடைக்காததால், அவர்களில் மிகப் பலர் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வார முறையில் பிறர் நிலத்தை உழுது, விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனிலேயே தலைமுறைகளைக் கழித்தார்கள். இன்றும் மாநில மக்களில் பத்துக்கு மூவர் கருப்பினத்தவர். அவர்களுடைய இடைநிலை வருமானம் வெள்ளையரைவிடக் குறைவாக இருப்பதற்கு இந்த வரலாறு ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். தங்கள் தம்பி மகன் வாழும் ஃபோர்சைத்திலிருந்துகூட 1912 இல் கருப்பின மக்கள் ஏறக்குறைய அனைவரும் அடித்து விரட்டப்பட்டார்கள் என்பதை அவர் அறிந்திருப்பது நல்லது.

கேள்வி: அங்கே மக்கள் தொகை எவ்வளவு? கூடுகிறதா?
– அதே வாசகர்

பதில்: 2020 கணக்கெடுப்பில் 1,07,11,908 பேர். பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிய மாநிலம். மக்களோ நம்மில் ஏழில் ஒரு பங்குதான். 2010 இல் 96,87,653 பேர் இருந்ததால், பத்தே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறார்கள். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி அட்லாண்டாவைச் சுற்றியே நிகழ்ந்தது. ஃபோர்சைத் மட்டும் 1,75,511 இலிருந்து 2,51,283 ஆனது, அதற்கு நம்மவர் உள்ளிட்ட ஆசியக் குடும்பங்களின் வருகை பெரிதும் காரணம். அதே பத்தாண்டுகளில் தெற்கேயுள்ள கிராமப்புறக் கவுண்டிகள் பலவற்றில் மக்கள் தொகை குறைந்தது.