மைலேஜ் திடீரெனக் குறைந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த பெட்ரோல் கார் இப்போது 12-ஐத் தாண்டவில்லை, ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, இனி எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இதே நிலையில் நான் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு அடுத்தடுத்து நான்கு பாகங்களை மாற்றினேன். கழற்றிப்போட்ட நான்கும் நல்ல நிலையில்தான் இருந்தன.

முதலில், அந்த 12 எப்படிக் கிடைத்தது? டாஷ்போர்டு திரையில் பார்த்ததென்றால் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். அது காரின் கணினி போடும் கணக்கு, உண்மையிலிருந்து சில சதவீதம் விலகும். டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் தானாக நின்றதும் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 300, 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்ப்பில், அதே போல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் விடை. கார் நிற்கும் இடத்தின் சரிவே கணக்கைப் பிசகச் செய்யும் என்பதால் மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பாருங்கள். இடையில் பெரிய அளவு டயர் போட்டிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அப்போது மைலேஜ் காகிதத்தில் மட்டும்தான் குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். உங்கள் ஓட்டம் மாறியிருக்கிறதா? தினமும் 20 கிலோமீட்டர் போன கார் இப்போது 3 கிலோமீட்டர் போய் நிற்கிறதென்றால், எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. அந்தக் குறைவைப் போக்க எந்தப் பாகமும் உதவாது.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். கார்புரேட்டர் காலத்தில் அழுக்கடைந்த ஃபில்டர் பெட்ரோலைத் தின்றது உண்மை. இன்றைய எஞ்சின் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைத் தெளிக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். இழுவைதான் மந்தமாகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொன்னதும் இதைத்தான்.

அடுத்து, கார் தடையின்றி உருள்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. பிரேக் பட்டைகளை அழுத்தும் காலிபரின் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் முழுவதும் தளராமல் இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

என் காரில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. நான் கவனிக்கத் தவறிய தடயம் வேறு: நகருக்குள் மைலேஜ் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, நெடுஞ்சாலையில் மிகவும் குறைந்திருந்தது. கடைசியில் காரின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஒரு சிறிய ஓ.பி.டி. ஸ்கேனரை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் செருகி, ஓடும்போது நண்பரை எண்களைப் படிக்கச் சொன்னேன். நெரிசலில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், 84 டிகிரி. நெடுஞ்சாலையில் ஏறிய பத்து நிமிடத்தில் 63. ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. சாதாரணமாக எஞ்சின் சூடாகும் வரை அது மூடியிருக்கும். மூடாவிட்டால் எதிர்க்காற்று ரேடியேட்டரை ஓயாமல் குளிர்விக்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும், ஆயிலும் தடிப்பாகவே இருந்து உராய்வைக் கூட்டும். என் காரில் வெப்பமானி முள் கிடையாது, ஒரு நீல விளக்கு மட்டும்தான். அது அணைந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். சில கார்களில் இதற்குப் பி0128 என்ற குறியீடு பதிவாகும். என் காரில் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணையும் பாருங்கள். கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை அது சொல்லும். பூஜ்யத்தை ஒட்டி 5 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. கழித்தல் 10-ஐத் தாண்டினால் தேவைக்கு மேல் பெட்ரோல் வருவதைக் கணினி குறைக்கப் பார்க்கிறது: ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), அதிக எரிபொருள் அழுத்தம் போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். கூட்டல் பக்கம் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான காற்று அளவி, தவறாகச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் என்று தேடலாம். என் காரில் இந்த எண் சாதாரணமாக இருந்ததால்தான் சந்தேகம் நேராக வெப்பத்தின் மேல் திரும்பியது.

தெர்மோஸ்டாட்டை மாற்றி, கூலண்டை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றினோம். மூன்று டேங்குகளின் சராசரி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

ட்ரிம் கழித்தல் பக்கம் அதிகமாக இருந்தாலோ புகையில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, மூன்று டேங்க் வரை காத்திருக்காமல் உடனே பட்டறைக்குப் போங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். காரில் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று.