கடல் கண்ணாடி மாதிரி இருந்தும் ஏன் ரத்து?

ஹவாயில் கயாக் (ஒடுக்கமான சிறு துடுப்புப் படகு) கிளப்புகளோடு குழுவாகக் கடலுக்குப் போகும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்.

ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் கிளப் பயணத்தைக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்துவிட்டார்கள். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வீண் பயம்தானே?

வீண் பயமில்லை. ஹவாயில் வருடத்தின் பெரும்பகுதி வடகிழக்கு வணிகக் காற்றுதான். மேற்குக் கரையில் வையனாயே மலைகள் அதை மறைத்து நிற்பதால் கரையோரம் அமைதியாகத் தெரியும். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. அலை எழும்ப அதற்குத் தூரம் வேண்டும். அதனால் கரையருகே தண்ணீர் அசையாது. சில நூறு மீட்டர் தள்ளிப் போனதும் முதுகில் காற்று பிடிக்கும். போவது சுகம், திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்க வேண்டும். அமைதியான கடலில் சாதாரணமாகத் துடுப்புப் போடுகிறவர் மணிக்கு ஏறக்குறைய 5 கி.மீ. போவார். எதிரே 15 நாட், அதாவது மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். தண்ணீர் குடிக்க நிறுத்தினால், கஷ்டப்பட்டுக் கடந்த தூரத்தைக் காற்று பிடுங்கிக்கொள்ளும்.

அதே தீவின் கிழக்குக் கரையிலுள்ள கைலுவாவில் இதே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். எதிரே கடலில் உள்ள மொக்குலுவா என்ற இரட்டைத் தீவுகளுக்குப் போகும்போது மூச்சு வாங்கினாலும், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். தெற்கிலிருந்து வரும் கோனா காற்று நாட்களில் இந்தக் கணக்கு மாறிவிடும். முதல் பாதி எதிர்காற்றில், மறுபாதி பின்காற்றில் என்று பாதை போடுகிற கிளப்பை நம்பலாம். முற்பகல் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், அதிகாலையில் வரச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள்.

உள்ளூர்க்காரர் "இரண்டு அடி அலை" என்றார். நேரில் என் கழுத்து உயரம் இருந்ததே?

அவர் ஹவாய் அளவில் சொல்லியிருக்கிறார். அது அலையைப் பின்புறத்திலிருந்து மதிப்பிடும் பழைய வழக்கம். முகப்பு உயரத்தில், அதாவது முன்னாலிருந்து பார்க்கும் உயரத்தில், ஏறக்குறைய பாதிதான் வரும். வானிலைத் துறை சொல்வது முகப்பு உயரம். யார் சொன்னாலும், எந்த அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மொக்குலுவாவின் பெரிய தீவான மொக்கு நூயி கரையில் இறங்கும்போது கவிழ்ந்தேன். திரும்ப ஏறவும் முடியவில்லை. எங்கே தப்பு?

அங்கே அலைகள் தீவின் இரு பக்கமும் வளைந்து வந்து மணல் திட்டின் முன்னால் ஒன்றோடொன்று மோதும். ஒரு பக்க அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது பக்கவாட்டில் கவிழ்த்துவிடும். 50 மீட்டர் வெளியே எல்லோரும் நின்று, பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும் வரை கவனியுங்கள். அனுபவசாலி முதலில் இறங்கட்டும். அவர் துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் அடுத்தவர் வரலாம், படுக்கையாகப் பிடித்தால் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே படகு. அலைக்கு முன்னால் ஓடாமல் அதன் முதுகைத் தொடர்ந்து, கரைக்கு நேராக வாருங்கள். முனை மணலைத் தொட்டதும் குதியுங்கள். ஆனால் படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். உள்ளே 100 லிட்டர் தண்ணீர் புகுந்த படகு, 100 கிலோ கூடுதல் எடையோடு உங்கள் முழங்காலில் வந்து இடிக்கும்.

திரும்ப ஏற முடியாததற்குக் காரணம், பெரும்பாலும், சுவர் ஏறுவதுபோல நெட்டுக்குத்தாக ஏறப் பார்ப்பது. அப்படி இழுத்தால் படகு மறுபடி உங்கள் மேலேயே கவிழும். முதலில் படகை நிமிர்த்துங்கள். இருக்கைக்கு நேராக வந்து, உடம்பு நீர்மட்டத்தில் மல்லாந்தல்ல, குப்புற மிதக்கும் வரை காலை உதையுங்கள். பிறகு வயிறு படகுக்குக் குறுக்கே கிடக்கும்படி சறுக்கி ஏறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுங்கள். நண்பர் எதிர்ப்பக்கம் தன் படகை ஒட்டி நிறுத்தி விளிம்பைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏறிய பின்னும் படகு தாழ்ந்து தள்ளாடினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. டிரெயின் பிளக்கை (தண்ணீர் வடிக்கும் துளையின் மூடியை) இறுகத் திருகினீர்களா? கரையிலேயே பார்த்திருக்க வேண்டியது அது.

மணல் திட்டோடு நின்றுகொள்ளுங்கள். மேலே மண்ணுக்குள் கடற்பறவைகளின் வளைகள் இருக்கின்றன, மிதித்தால் இடிந்துவிடும். பக்கத்திலுள்ள சிறிய தீவான மொக்கு இக்கியில் இறங்கவே அனுமதி கிடையாது.

எப்போதும் கடைசியாகப் போவது நான்தான். எனக்காக நிற்கிறார்கள், ஆனாலும் களைத்துப் போகிறேன்.

நிற்பதில்தான் கோளாறு. முன்னால் போனவர்கள் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு, நீங்கள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஓய்வு, உங்களைத் தவிர. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, சரி என்று சொன்ன பிறகே நகர வேண்டும். முன்னே ஒருவர் வழிகாட்டி, பின்னே ஒருவர் காவல். வேகத்தை முடிவு செய்வது மிக மெதுவானவர். பின்காவலரிடம் 15 மீட்டர் இழுகயிறு இருக்கட்டும். இழுத்துப் போகச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள், விசிலை அதிலேயே கட்டுங்கள். ரேடியோவும் உடம்பில்தான் இருக்க வேண்டும், படகில் அல்ல: கையை விட்டால் காற்றில் போகும் படகை நீந்திப் பிடிக்க முடியாது. அவசர அழைப்புக்குச் சானல் 16.

குளிர்காலத்தில் திமிங்கிலம் அருகே வந்தால்?

கூனல் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நீங்கள் நெருங்குவது சட்டவிரோதம். அதுவே பக்கத்தில் எழும்பினால் துரத்தாமல், குறுக்கே போகாமல், துடுப்பை நிறுத்திப் படகுகளை ஒன்றுசேர்த்து, அது கடந்துபோகும் வரை காத்திருங்கள். ஸ்பின்னர் டால்ஃபின்களுக்கு இந்தத் தூரம் 50 கஜம்.