பொழுது சாய்ந்தால் பரோட்டா

வணக்கம் மேடம்,

கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறோம். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குப் புதுச்சேரியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக மொத்தம் ஐந்து பேர். மளிகை, காய்கறி, மீன் எல்லாம் சேர்த்து மாதம் 11,000 ரூபாய் ஆகிறது. யூடியூபில் பார்த்து ‘பட்ஜெட் சமையல்’ செய்தால் பிள்ளைகள் மறுநாளே முகம் சுளிக்கிறார்கள். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று மாமியார் தொட விடுவதில்லை, யாருக்காவது கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வஞ்சிரம் வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து முடியாத நாட்களில், வாரத்தில் மூன்று நாள் இருக்கும், பரோட்டாவோ ஃப்ரைடு ரைஸோ வெளியே வாங்கிவிடுவோம், 400, 500 ஆகும். 30 நாளைக்கும் செலவு குறைவாக ஒரு மெனு போட்டுத் தர முடியுமா? வெங்காயம் விலை இறங்கும்போது மூட்டையாக வாங்கிப் போடலாமா என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கடலூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

மெனு போட்டுத் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 11,000 ரூபாய் முன்னால் வருகிறது, பரோட்டா பின்னால் போகிற போக்கில் வருகிறது. எனக்கு அந்தப் பரோட்டாதான் கண்ணில் பட்டது. வாரத்துக்கு மூன்று, மாதத்துக்குப் பன்னிரண்டு, சராசரியாக 450 என்று போட்டால் 5,400 ரூபாய். இது அந்த 11,000-க்குள் இல்லை, அதற்கு மேலே. பருப்பில் பத்து ரூபாய், எண்ணெயில் இருபது ரூபாய் என்று நீங்கள் கடை கடையாக ஏறி மிச்சம் பிடிப்பதெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே பார்சலில் போய்விடுகிறது. யாரும் ஆசைப்பட்டு செவ்வாய்க்கிழமை பரோட்டா வாங்குவதில்லை. ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறீர்கள், அடுப்படி காலையில் விட்டபடியே கிடக்கிறது, பிள்ளைகள் பசி என்கிறார்கள், அவ்வளவுதான் நடப்பது. உங்களுக்கு வேண்டியது மலிவான சமையல் குறிப்பு இல்லை, ஆறரை மணிக்குப் பாதி முடிந்து நிற்கிற சமையல்.

முதலில் மாவு. இதைப் போய் ஒரு விஷயமாகச் சொல்கிறாரே என்று நினைப்பீர்கள், ஆனால் பாக்கெட் மாவு வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிற வீட்டில் புதன்கிழமை வரைக்கும் வெளியே பார்சல் சொல்ல வேண்டிய அவசியமே வராது. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். நம் கடற்கரை ஊர் வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும், அதனால் பாதியை அரைத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மீதியை மட்டும் வெளியே புளிக்க விடுங்கள். அது தீரப்போகும்போது இதை எடுத்து வெளியே வைத்தால் போதும். முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, கொஞ்சம் புளித்த பிறகு வெங்காய ஊத்தப்பம், கடைசியில் தங்கினது குழிப்பணியாரம். பிள்ளைகளுக்கு இது நாலு விதமான சாப்பாடு, உங்களுக்கு ஒரு தடவை அரைத்த வேலை.

இந்த மாவுக்குத்தான் உங்கள் ரேஷன் புழுங்கலரிசி. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி என்பார்கள், அதாவது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி மாதிரியே அச்சில் செய்த மணிகளை, 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்தது. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும், அதைப் பார்த்துக் கிளம்பிய புரளிதான் பிளாஸ்டிக். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். சோறாக வடித்தால் வாடை பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், ருசி அவரவர் நாக்கு. ஆனால் இலவசமாக வருகிற அரிசியை யாருக்கோ கொடுத்துவிட்டு இட்லி அரிசியைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே கடையில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். பருப்பை விடாதீர்கள். பாமாயில் உங்கள் இஷ்டம், நானாக இருந்தால் அப்பளம் பொரிக்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

அடுத்து பருப்பு. இன்றைக்கு வேண்டியதை மட்டும் வேக வைக்காமல் இரண்டு நாளைக்கானதைச் சேர்த்து வேக வைத்துவிடுங்கள். அரை மணி ஊறிய பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், கேஸும் மிச்சம். பாதி இன்றைக்கு முள்ளங்கி சாம்பார், மீதி ஃப்ரிட்ஜுக்குப் போய் நாளைக்குக் கீரைக் கூட்டு. மேலே தெளிந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மூட்டு வலி இல்லை, உட்கார முடியும் என்றால் கீரை ஆய்வதை மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பலருக்கு அது பிடித்த வேலை, கூடவே வீட்டுக் கதையும் நடக்கும்.

சரி, மெனு ஏன் வேண்டாம் என்கிறேன்? நான் புதன்கிழமைக்குப் பீன்ஸ் பொரியல் என்று எழுதிக் கொடுத்து, அந்த வாரம் பார்த்து பீன்ஸ் விலை ஏறிக் கிடந்தாலும் அட்டவணையில் இருக்கிறதே என்று நீங்கள் வாங்குவீர்கள். பீன்ஸும் கேரட்டும் மலையிலிருந்து லாரியில் வரவேண்டும். சுரைக்காய், பூசணி, கத்திரி, முள்ளங்கி, வாழைத்தண்டு, கீரை எல்லாம் பக்கத்துக் கிராமங்களில் விளைவது. அதனால் புதன்கிழமை ‘ஒரு கூட்டு’, வியாழன் ‘ஒரு பொரியல்’ என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, காயின் பெயரை சந்தையில் போய் நிரப்புங்கள். கடலூரில் உழவர் சந்தை இருக்கிறது, காலையிலேயே அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். 1999-ல் தொடங்கிய திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே வந்து விற்பதற்கென்றே கொண்டுவந்தது. வாரத்துக்கு ஒரு நாள் போனால் போதும். ஆபீசுக்கு லேட்டாகும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஏறும் முன் போய்வரட்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிக்கனம் என்று பேச்செடுத்தால் கடைசியில் வீட்டில் ஒரே ஒரு ஆளின் தூக்கத்தில்தான் கை வைக்கிறார்கள். மாவு அரைப்பது, சந்தை, மீன் இந்த மூன்றில் இரண்டையாவது அவர் எடுத்துக்கொண்டால்தான் நான் மேலே சொன்னது எதுவும் நடக்கும். இல்லை என்றால் பரோட்டாவே வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

மீனுக்கு வருகிறேன். கடலூரில் இருந்துகொண்டு மீனைக் குறைக்கச் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். குறைக்க வேண்டாம், வஞ்சிரத்தை விட்டு இறங்கி வந்தால் போதும். கவலை, கானாங்கெளுத்தி, காரப்பொடி, நெத்திலி என்று விலை குறைந்த மீன்கள் இருக்கின்றன. ஒரு கிலோ வஞ்சிரத்தின் காசுக்கு இதில் எத்தனை கிலோ வரும் என்று முதுநகர் துறைமுகத்தில் ஒரு நாள் அவரே விசாரித்துவிட்டு வரட்டும். கவலை மீனில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்புக்குத்தான் சிலர் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். முள் என்று பிள்ளைகள் முரண்டு பிடித்தால் நெத்திலியைத் தலை கிள்ளி முழுசாக வறுத்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாங்குகிற நாள், விலையும் அதற்குத் தகுந்தபடிதான் இருக்கும். சனிக்கிழமையே வாங்கிக் குழம்பு வைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அது இன்னும் ஊறி ருசியாக இருக்கும், மீன் குழம்புக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் மீன் விலையோடு மல்லுக்கு நிற்காமல் கருவாட்டுக்குப் போய்விடுங்கள். காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் கருவாட்டைத் தேடித்தான் வருகிறார்கள். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு ஒரு குழம்பு வைத்தால் அடுத்த வேளைக்கும் பொரியல் தேவைப்படாது. பண்ருட்டி பலா சீசனும் அப்போதுதான், பலாக்கொட்டையை அதிலேயே போடலாம்.

மளிகையில் அதிகம் சொல்ல இல்லை. பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிற விலையைப் பார்க்காமல், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். சில எண்ணெய் பாக்கெட் பார்வைக்கு ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்கவேண்டும், உள்ளே அதைவிடக் குறைவாகப் போட்டு விற்பதும் உண்டு. அரிசியையும் பருப்பையும் 25 கிலோ வரைக்கும் பாக்கெட்டில் கட்டி லேபிள் ஒட்டினால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சில்லறையாக நிறுத்து வாங்கினால் இல்லை. கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை முளைத்தது இதனால்தான். தெரு அண்ணாச்சி கடையில் நிறுத்து வாங்குவதில் இன்னொரு லாபம், கால் கிலோ வேண்டும் என்றால் கால் கிலோதான் வாங்குவோம். தேங்காய் விலை ஏறும்போது சட்னிக்கு வேர்க்கடலை. நம் மாவட்டத்திலேயே விளைகிற பயிர், பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்தும் கொடுக்கலாம்.

வெங்காயம் கேட்டிருந்தீர்கள். பெரிய வெங்காயத்தை மூட்டையாக வாங்காதீர்கள், உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் ஐந்து கிலோவுக்கு மேல் போட்டால் பாதி அழுகும், மீதி முளைக்கும். சின்ன வெங்காயம் விலை இறங்கி, வெயிலும் கொளுத்துகிற சித்திரை வைகாசியில் வடகம் போடுங்கள். உங்கள் மாமியாருக்குக் கைவந்திருக்கும், கேளுங்கள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் ஒன்றாக இடித்துக் கலந்து, ராத்திரி மூடி வைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, சாயங்காலம் விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். கல்லாகக் காய்கிற வரை தினமும் இதே வேலை, ஆனால் காய்ந்தால் ஒரு வருஷம் கெடாது. ஆறரை மணிக்கு வந்து எண்ணெயைக் காயவைத்து ஒரு உருண்டையில் பாதியை உதிர்த்துப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினால் வெங்காயம் உரிக்காமல், நறுக்காமல், அரை மணிக்குள் காரக்குழம்பு. முதல் தடவை என்றால் இரண்டு கிலோ வெங்காயத்துக்கு மேல் போக வேண்டாம், மழை வந்தால் எடுத்து உள்ளே வைக்கப் பகலில் வீட்டில் மாமியார் ஒருவர்தானே இருப்பார்.