இறந்தவரின் தாயே மன்னித்துவிட்டார். என் தம்பியை விடுவார்களா?

கேள்வி: வரப்புத் தகராறில் நடந்த கொலைக்காக என் தம்பிக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடி. 11 வருடமாக உள்ளே இருக்கிறான். இறந்தவரின் தாயார், “உன் பிள்ளையாவது வீடு வந்து சேரட்டும்” என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதை எழுதி வாங்கிக் கோர்ட்டில் கொடுத்தால் விடுவார்களா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கோர்ட்டில் கொடுத்துப் பயனில்லை அம்மா. கொலை, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. வழக்கு நடத்தியது அரசு. தண்டனையைக் குறைப்பதும் அரசின் கையில்தான் இருக்கிறது.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, சட்டப்படியான முன்விடுதலை. தூக்குக்கும் இடமிருக்கும் குற்றத்தில் ஆயுள் தண்டனை என்பதால் 14 வருடம் உள்ளே இருந்தாக வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 475). மற்றொன்று, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தரும் அரசமைப்பின் 161-ஆவது பிரிவு. ஆளுநர் பெயரில் உத்தரவு வந்தாலும் முடிவெடுப்பது அமைச்சரவை. பேரறிவாளன் வழக்கில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. இந்தப் பிரிவை 14 வருடக் கணக்கு கட்டுப்படுத்தாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-இல் 10 வருடம் முடித்த ஆயுள் கைதிகளை விடுவித்தது இப்படித்தான். அதிலும் சில குற்றங்களுக்கு விலக்கு உண்டு.

கருணை மனு என்றதும் காலில் விழுவதுபோல் எழுதுகிறார்கள். தேவையில்லை. மறுபடி குற்றம் செய்வாரா, இனியும் அடைத்து வைப்பதில் பயன் உண்டா, குடும்ப நிலை என்ன என்று பார்க்கச் சொல்கிறது லக்ஷ்மண் நஸ்கர் தீர்ப்பு (2000). மனுவில் இவற்றுக்குப் பதில் இருக்கட்டும்: சிறையில் படித்தது, செய்த வேலை, பரோலில் வந்து குறித்த நாளில் திரும்பியது. மறுத்தால் அரசு காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் சரியில்லையென்றால் அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

மனுவைத் தம்பியே சிறைக் கண்காணிப்பாளர் மூலம் உள்துறைக்கு அனுப்பலாம். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். “மேலிடத்தில் பேசி முடிக்கிறேன்” என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தாயாரின் வார்த்தைக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் போய் எழுதி வாங்காதீர்கள். மிரட்டி வாங்கியதாக ஒரு பேச்சு கிளம்பினால் மனுவே கெட்டுவிடும். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க ஊருக்கு வரும்போது, அவராகவே சொல்லட்டும்.