யாக்கிமா ஆற்றில் தூண்டில் போட முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 66. தாமிரபரணியில் தூண்டில் போட்டுப் பழகியவர். செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறையில் யாக்கிமா ஆற்றுக்குக் கூட்டிப்போக ஆசை. ஒரு ஏற்பாட்டாளர், "சால்மன், ஸ்டீல்ஹெட், ட்ரவுட் மூன்றும் ஒரே நாளில் உறுதி" என்று சொல்லி முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கோடைக் கடைசியில் ஆறு சூடாகிவிடும், மீன் கடிக்காது என்கிறார் நண்பர். யாரை நம்புவது?

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. ஏற்பாட்டாளர் சொல்வதில் ட்ரவுட் மட்டும்தான் உண்மை. பணம் கட்டாதீர்கள்.

யாக்கிமாவில் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் வகை) பிடிக்கவே கூடாது. அந்த மீன் 1999 முதல் கூட்டரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் சால்மன் பிடிக்க அனுமதி வந்தாலும் அது வெகுதூரம் கீழே, ப்ராசர் ஊருக்கும் கீழே உள்ள பகுதிக்குத்தான். நீங்கள் போக நினைப்பது எல்லன்ஸ்பர்கிலிருந்து ரோசா அணை வரையிலான பள்ளத்தாக்கு என்றால், அங்கே ட்ரவுட் உண்டு. அதையும் பிடித்த கையோடு விட்டுவிட வேண்டும். குழம்புக்கு மீன் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றையும் 'உறுதி' என்று விற்பவர் பெரும்பாலும் தூண்டிலைத் தொட்டே இருக்க மாட்டார். உங்கள் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை யாரோ ஒரு படகுக்காரருக்குத் தள்ளிவிடும் ஆள் அவர். ஆறு சூடாகித் தடை வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள், உங்கள் டாலர் திரும்பி வராது.

சரி, சூடு விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்று மீனுமே குளிர்ந்த நீர் மீன்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அதிகம் தேவைப்படும். 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸைத் தாண்டினால் தூண்டிலை மடக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த ட்ரவுட், விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போகும். நீங்களும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். சில மணி நேரம் கழித்து அது செத்துப்போனாலும் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கரையோரம் தேங்கிய நீரில் வைத்தால் பொய் சொல்லும். ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழத்தில், உங்கள் நிழல் விழும் பக்கம், ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வெளியே தூக்காமல் உள்ளே இருக்கும்போதே படியுங்கள். காலை 7 மணிக்கு நல்ல எண்ணாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறு உச்சச் சூட்டை எட்டுவது மாலை வாக்கில்தான். விடியலில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது.

இப்போது உங்கள் நண்பருக்குத் தெரியாத விஷயம். ஆகஸ்ட் கடைசியில் மற்ற ஆறுகள் வற்றிக் கிடக்கும்போது மேல் யாக்கிமா கரை தொட்டு ஓடும். மேட்டூர் திறந்தால் காவிரி எப்படியோ அப்படி. கீசெலஸ், கச்சீஸ், கிளி எலம் நீர்த்தேக்கங்களிலிருந்து பாசனத்துக்கு விடும் தண்ணீர் அது, குளிர்ந்தும் இருக்கும். விநாடிக்கு 3,000 கன அடிக்கு மேல் வரும் நாட்களில் இறங்கி நிற்பது 66 வயதுக்காரருக்குச் சரிவராது, படகில்தான் போக வேண்டும். பிறகு செப்டம்பர் தொடக்கத்தில் இந்த மதகுகளை இறக்கிவிட்டு, பாசனத் தண்ணீரை நாச்சீஸ் கிளையாற்றின் அணைகளிலிருந்து விடுவார்கள். காரணம் சால்மன். செப்டம்பரில் மேல் ஆற்றில் முட்டையிட வரும் சினூக் மீன்கள், வெள்ளம் இருக்கும்போது கரையோரச் சரளையில் முட்டையிட்டுவிட்டால், குளிர்காலத்தில் அணை நிரப்ப மதகை மூடும்போது முட்டையெல்லாம் காய்ந்துபோகும். அதனால்தான் முன்கூட்டியே தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடும், அப்பா இறங்கி நிற்கலாம். ஆனால் உங்கள் லேபர் டே இந்த மாற்றம் நடக்கும் நாட்களிலேயே விழுகிறது. இந்த வாரத் தண்ணீரும் அடுத்த வாரத் தண்ணீரும் ஒன்றாக இருக்காது.

எனவே படகுக்காரரிடம் நேரடியாகப் பேசி ஒரே கேள்வி கேளுங்கள்: "உம்டானத்தில் இன்றைக்கு எத்தனை கன அடி?" உம்டானம் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் நீரோட்டத்தை அளக்கும் இடம். பட்டென்று பதில் வந்தால் ஆள் ஆற்றில் இருப்பவர். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அவரிடம் மாநில வழிகாட்டி உரிமம் இருக்கிறதா என்றும், சூட்டினால் ஆறு மூடப்பட்டால் பணம் முழுதும் திரும்புமா என்றும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கன அடி அளவீடு அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குழப்புவது விதிகள்தான். ஒரே ஆற்றுக்குப் பாலத்துக்குப் பாலம் ஒரு விதி. அச்சிட்ட புத்தகத்தை நம்பிப் போனால் நடுவில் அவசர ஆணை ஒன்று வந்து எல்லாம் மாறியிருக்கும். தண்ணீரின் சூடு மணிக்கு மணி கணினியில் தெரிகிறது, சூடு ஏறினால் பிற்பகலில் தூண்டில் போடத் தடை விதிக்கும் ஆணை மட்டும் நாள் கணக்கில் நகர்ந்து வரும். இதை ஒழுங்குபடுத்த இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் மனம் வரவில்லை! கிளம்புவதற்கு முந்தின இரவு மாநில மீன்வளத் துறையின் அவசர ஆணைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள், வேறு வழியில்லை.

அப்புறம் உரிமம். 15 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் தனித்தனியாக வேண்டும். "படகுக்காரர் உரிமமே போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்பா படத்துக்காக இரண்டு தடவை தூண்டில் வீசினாலும் அவர் பெயரில் உரிமம் இருந்தாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஓரிரு நாள் உரிமம் உண்டு, அதை வாங்கினால் போதும். புழு, உணவு இரை எதுவும் கூடாது. செயற்கை இரை, எதிர்முள் இல்லாத ஒற்றை முள் மட்டும். தாமிரபரணிக்காரருக்கு இது எரிச்சலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.