வைரஸுக்கு என்ன லாபம்?

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ், நம் செல்லின் காவல் புரதங்களைத் திட்டமிட்டு அழிக்கிறதாமே, எப்படி?

பதில்: திட்டமிட்டா! எச்பிவி வைரஸின் மரபணுத் தொகுப்பு மொத்தமே சுமார் 8,000 எழுத்து. இந்த இதழில் நாலு பக்கம் ஒதுக்கினால் முழுவதையும் அச்சடித்துவிடலாம். அதில் திட்டம் எந்தப் பத்தியில் வருகிறதாம்? வைரஸுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வரையும் ஓவியர்களோடு இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் தகராறு. இப்போது நீங்களும் அந்தக் கட்சியில் சேர்ந்தாயிற்று.

அதன் கஷ்டம் வேறு. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் அதனிடம் இல்லை. செல்லிடம்தான் இரவல் வாங்க வேண்டும். ஆனால் அது பெருகுகிற மேலடுக்குச் செல்களோ பிரிவதை நிறுத்திக்கொண்டவை. எனவே இ7 என்ற புரதம். எச்பிவியின் பல வகைகளில் ஒன்றான எச்பிவி-16இல் அதன் நீளம் வெறும் 98 அமினோ அமிலம். அதிலுள்ள ஒரு சின்னத் துண்டு, செல் பிரிவதைத் தடுத்துவைக்கும் காவல் புரதமான ஆர்பியின் பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது. ஆர்பி பிடித்துவைத்திருந்த, ஜீன்களை முடுக்கும் இ2எஃப் என்ற செல் புரதம் விடுபட, பிரதியெடுக்கும் ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன.

வேளைகெட்ட வேளையில் பிரதியெடுப்பு நடந்தால் இன்னொரு காவல் புரதமான பி53 சும்மா இருக்காது. செல்லை நிறுத்தும், அல்லது சாகவைக்கும். அதைச் சமாளிக்க வைரஸின் இன்னொரு புரதமான இ6. இதற்கு வெட்டும் திறன் கிடையாது. முதலில் செல்லுக்குச் சொந்தமான இ6ஏபி என்ற நொதியோடு சேரும். சேர்ந்தபின்தான் இரண்டுமாக பி53ஐப் பிடிக்கும். நொதி அதன்மேல் யூபிக்விட்டின் என்ற 'அழிக்கவும்' சீட்டை ஒட்டும். செல்லின் குப்பை வண்டியான புரோட்டியசோம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆய்வகத்தில் இ6 உள்ள செல்லில் பி53ஐத் தேடினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. எம்ஜி132 என்ற மருந்தைப் போட்டுப் புரோட்டியசோமைச் சில மணி நேரம் நிறுத்தினால்தான் சோதனையில் பி53இன் பட்டை தெரியும். பழக்கதோஷத்தில் பஃபரில், அதாவது சோதனைக் கரைசலில், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவைக் கலந்தால் அதுவும் வம்பு: இ6 தன் வடிவத்துக்கு நம்பியிருக்கும் துத்தநாகத்தை அது பறித்துவிடும், புரதம் கட்டிதட்டிப்போகும். பிறகு 'ஒட்டவில்லை' என்று எழுதினால் குற்றம் பஃபருடையது.

எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு. புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்து, அதோடு ஒட்டிய புரதங்களையெல்லாம் கோடுபோட்டு இணைத்து, நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு ஒரு வலைப்படம்! பெரும்பாலும் மருக்களை மட்டும் உண்டாக்கும் எச்பிவி-11இன் இ6கூட இ6ஏபியோடு ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் பி53ஐ அழிப்பதில்லை. படத்தில் எச்பிவி-16க்கும் எச்பிவி-11க்கும் ஒரே மாதிரிக் கோடுதான். ஒட்டியபின் என்ன நடந்தது என்பதைக் கோடு சொல்லாது.

சரி, புற்றுநோய்? பெரும்பாலும் அது விபத்து. வைரஸ் டிஎன்ஏ உடைந்து நம் குரோமோசோமில் செருகிக்கொள்கிறது. உடையும்போது பல சமயம் வைரஸின் இ2 ஜீன் (முன்பு சொன்ன இ2எஃப் வேறு) போய்விடும். இ6, இ7 இரண்டையும் அடக்கிவைத்திருந்தது இந்த இ2தான். அது போனதும் இரண்டுக்கும் கட்டுப்பாடில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுக்கப்பட்டு 1951 முதல் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்கள் இப்படிப்பட்டவை. உள்ளே இருப்பது எச்பிவி-18. அவற்றின் பி53 ஜீனில் பழுதில்லை. இ2வைத் திரும்பக் கொடுத்தால் பி53 தலைதூக்குகிறது, ஆர்பியும் வேலைக்கு வருகிறது, செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. கொடுக்காவிட்டால் பிரிந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு வைரஸ் துகள்கூட வெளியே வராது.