வளவுக் கேள்விகள்

வாசகி, உரும்பிராய்: எங்கள் மாதர் சங்கத்து வீட்டுத்தோட்டக் குழுவினர் சேர்ந்து ஒரு பொதுப் பூந்தோட்டத்தைப் பார்க்கப் போக இருக்கிறோம். சம்பளம் வாங்காமல் ஊரவர்களே பராமரிக்கும் தோட்டம் அது. தை மாதம் போனால் பூக்கள் நிறைந்திருக்குமாம். எப்போது போகலாம்? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: படம் எடுக்க என்றால் தை நல்ல மாதம். கற்றுக்கொள்ள என்றால் ஆவணியில் போங்கள், சகோதரி. மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு யாழ்ப்பாணத்தில் எந்த வளவும் பச்சையாகத்தான் நிற்கும். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும் காலத்தில் அங்கே எது தழைத்து நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலந்தொட்டு, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடிப் போவது கிணற்றடிக்குத்தான். வற்றாத ஆறு ஒன்றும் நமக்கு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. மோட்டாரைப் போட்டு அளவில்லாமல் இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஆகவே எவ்வளவு இறைக்கிறார்கள், இறைத்த ஈரத்தை எப்படிக் காக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வெயில் ஏறியபின் ஒரு பாத்தியருகே குந்தி, மேலே பரப்பியிருக்கும் சருகை விரலால் விலக்குங்கள். மேற்சருகு நொறுங்கும். அதற்கடுத்தது பதமாக மடியும். அடியில் செம்மண் விரலில் ஒட்டினால், அந்தத் தோட்டத்தை நம்பலாம். வேலியையும் விடாதீர்கள். கதியாலாக, அதாவது நட்டுத் தழைத்த வேலித் தடியாக, நிற்கும் பூவரசிலும் சீமைக்கிளுவையிலும் வெட்டிய குழை எங்கே போகிறது? பாத்திக்குள் தாழ்த்தினால் அது பசளை. அதைக் குவித்துக் கொளுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

இன்னொன்றை அவசியம் கேளுங்கள். சிரமதானம் என்றால் ஒரு நாளைக்கு ஊரே திரண்டு வரும். மறுநாள் வாளி தூக்க ஆள் வேண்டுமே! நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் எல்லோரும் கோயில் வீதியில் நிற்பார்கள். அதுவோ கடும் கோடை. அந்த நாட்களில் யார் தண்ணீர் விட்டார்கள், முறை எப்படி வகுத்தார்கள், வராதவருக்குப் பதிலாக யார் வந்தார் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் குழுவுக்குச் செடிகளின் பெயர்ப்பட்டியலைவிட அது பெரிய உதவி.

வெறுங்கையோடு போகவேண்டாம். உழவாரங்களைக் கொண்டு விடியவே போய், ஒரு மணி நேரம் அவர்களோடு புல் செருக்கிக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து வேலை செய்பவரிடம்தான் தோட்டக்காரர் மனம்விட்டுப் பேசுவார்.

அதே வாசகி: நடுவதற்குத் தடி கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், தருவார்கள். கேளாமல் ஒடிப்பது களவு. மாற்றிக் கொடுக்க உங்கள் வளவிலிருந்தும் இரண்டு கன்று கொண்டு போங்கள்.

வாசகர், சுன்னாகம்: எங்கள் எக்சோராப் பூச்செடியின் இளந்தளிர் மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா இட்டும் பயனில்லை.

பதில்: யூரியாவை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் வேர் அதை எடுக்க முடியாது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். மக்கிய சாணமும் கூட்டெருவும் நிறைய இடுங்கள். முடிந்தால் ஒரு கன்றைக் கூட்டெரு கலந்த சாடியில் வைத்து, பீப்பாயில் பிடித்த மழைநீரை ஊற்றிப் பாருங்கள். பழைய இலை தேறாது; புதிதாக வரும் தளிரின் நிறத்தைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.